குலவழி வந்த கால்நோய்

தறியிற் கைதேர்ந்த இளைஞன் ஒருவனைக் கண்டால், "நெசவு அவன் இரத்தத்தில் உள்ளது" என்று எங்கள் வீட்டு முதியோர் சொல்வது வழக்கம். அவ்வாறே, ஐம்பதை எட்டிய ஆண்மகன் ஒருவன் தெருவில் நடக்கும்பொழுது திடீரென்று நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டால், "அதுவும் இரத்தத்தில் உள்ளதே" என்று சொல்லி அமைவதும் வழக்கம். முன்னதால் எங்களுக்கு ஊக்கம் பிறந்தது. பின்னதால் ஊக்கம் அழிந்தது. ஒரே வாக்கியம் ஒரு குடும்பத்திற்கு நன்மையும் தீமையும் செய்த வரலாற்றை, இக்கல்லூரியில் விலங்கியல் பயின்ற பழைய மாணாக்கன் என்ற முறையில் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிமாநகருக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர். சடாயு என்னும் புள்ளரசனுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பதும், அதனாலேயே புட்குழி என்னும் பெயர் வந்ததென்பதும் தலவரலாறு. விசயராகவப் பெருமாள் கோயிலும், சடாயு தீர்த்தம் என்னும் திருக்குளமும் ஊரின் கண்களாக விளங்குகின்றன. மகப்பேறு வேண்டும் பெண்டிர் வறுத்த பயற்றை மடியிற் கட்டிக்கொண்டு இரவு துயில்வர். காலையில் அது முளைத்திருப்பின் மரகதவல்லித் தாயார் அருள்செய்தாள் என்று மகிழ்வர். இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டதும், ஆசிரியர் கூறிய பொருளை மறுத்துரைத்ததும் இவ்வூரில் என்பது வைணவர் மரபு. வறுத்த பயறும் முளைக்குமென்று நம்பும் ஊரில், பாட்டனிடமிருந்து வந்த நோய் முளைத்தே தீருமென்று நம்புவது வியப்பன்று.

என் சிற்றப்பனார் பட்டு நெசவாளர். வீட்டின் முன்னறையில் குழித்தறி உண்டு. தறியோட்டுபவர் குழியிற் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தி, நாடாவை ஓட்டுவார். காண்போர் கண் கையின்மேலும் சரிகையின்மேலும் செல்லும். காலை எவரும் காண்பதில்லை. ஆயினும் கால் ஓய்ந்தால் தறி ஓயும். பட்டருகில் நெருப்பு ஆகாதாகையால், சிற்றப்பனார் ஒரு நாழிகைக்கு ஒருமுறை எழுந்து திண்ணைக்கு வந்து பீடி பற்றவைப்பார். நாளொன்றுக்கு இரண்டு கட்டு. அக்கட்டுகளைக் கடையிலிருந்து வாங்கி வருபவன் யானே. எட்டு வயது முதல் பதினாறு வயதுவரை அவ்வேலையை நான் செய்தேன்; மிச்சச் சில்லறைக்குக் கடலைமிட்டாய் எனக்கு உரிமை. இதனை யான் மறைத்தெழுதுதல் முறையன்று.

யான் கல்லூரியில் மூன்றாமாண்டு பயின்றுகொண்டிருந்தபொழுது, சிற்றப்பனாருக்குக் கால்வலி தொடங்கிய செய்தி வந்தது. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. நடந்தால் கெண்டைச்சதை இறுகி வலிக்கும். சற்று நின்றால் தணியும். மீண்டும் நடந்தால் அதே தூரத்தில் மீண்டும் வரும். வீட்டிலிருந்து கோயில் வாயிலுக்குச் செல்லுமுன் மூன்றிடத்தில் நிற்கவேண்டியதாயிற்று. வீட்டார் ஒருவரும் கலங்கவில்லை. என் பாட்டனாருக்கும் இப்படியே தொடங்கியது. பின்னர்ப் பாதம் கறுத்து, முழங்காலின் கீழ் எடுக்கப்பட்டது. பாட்டனாரின் தமையனும் தம் இறுதி நாள்களைக் கோலூன்றியே கழித்தார். ஆகவே, "முறை வந்துவிட்டது" என்றார் சிற்றப்பனார். முறை என்னும் அச்சொல், கோயில் பூசை முறை வந்ததுபோல் அமைதியாக வெளிவந்தது.

பாதம் சில்லென்றிருந்ததால் செங்கல்லைச் சுட்டுத் துணியிற் சுற்றி ஒற்றடமிட்டனர். குருதியோட்டம் குறைந்த காலிற் சூட்டுணர்ச்சியும் மங்குமென்பது அவர்கட்குத் தெரியாது. பெருவிரலிற் கொப்புளம் எழுந்தது, ஆறவில்லை. அதன்பின்னரே மருத்துவமனைக்குச் செல்ல இசைந்தார். உடன் சென்றவன் யான்.

மருத்துவர் முதலிற் கத்தியையும் எடுக்கவில்லை, மருந்தையும் எழுதவில்லை. புயத்தில் அளப்பது போலவே கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்தார். ஆரோக்கியமான உடலில் கணுக்காலின் அழுத்தம் புயத்தினதற்கு ஒத்தோ சற்று மிகுந்தோ இருக்கும். கணுக்கால் அளவைப் புயத்தின் அளவால் வகுத்து வரும் விகிதம் 0.9-க்குக் குறைந்தால், காலுக்குச் செல்லும் தமனிகளில் அடைப்புண்டு என்பது கொள்கை. சிற்றப்பனாருக்குப் புயத்தில் 140, கணுக்காலில் 80, விகிதம் 0.57. தமனியின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து, அதைச் சுற்றி அழற்சி மூண்டு, வழி குறுகியிருந்தது. ஓய்ந்திருக்கும் தசைக்கு அக்குறுகிய வழியே போதும். நடக்கும் தசை மிகுதியான பிராணவாயுவைக் கேட்கும். அது கிடையாமையே வலி. இதனைப் புறத் தமனி நோய் என்பர்.

இந்நோய் நம் நாட்டார்க்குப் புதிதன்று. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த சென்னை நகர மக்கள் ஆய்வில், மேற்சொன்ன விகிதத்தைக்கொண்டு சோதித்தபொழுது, நூற்றுக்கு 3.2 பேருக்கு இந்நோய் இருந்தது. சர்க்கரை இயல்பாயிருந்தவரிடையே அது 2.7 ஆகவும், நீரிழிவுடையோரிடையே 6.3 ஆகவும் காணப்பட்டது. இதனினும் வேறான, ஆனால் உடன்பிறந்ததுபோல் தோன்றும் இன்னொரு நோயும் உண்டு. 1908-இல் லியோ பர்கர் என்னும் மருத்துவர் விரிவாக விளக்கிய அது, பெரும்பாலும் ஐம்பது வயதுக்குட்பட்ட புகைபிடிப்போரின் சிறு தமனிகளையும் சிரைகளையும் தாக்குவது. பீடி மிகுந்த நம் நாட்டில் மேனாடுகளைக்காட்டிலும் அதிகமாகக் காணப்படுவது. சிற்றப்பனாருடையது முதல் வகையே என்று மருத்துவர் உறுதிசெய்தார். இரண்டிலும் புகையிலை பெரும் பகைவன்.

நிற்க. அன்று எடுத்த இரத்தச் சோதனையே எங்கள் வீட்டில் பெருங்குழப்பத்தை விளைத்தது. சோதனைத் தாளில் ஸி-ரியாக்டிவ் புரதம் என்ற ஒன்று ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றிருந்தது. மூன்றுக்கு மேற்பட்டால் இதய, நாள நோய்களின் அபாயம் மிகுந்தோர் வரிசையில் வைப்பது மருத்துவர் வழக்கம். "உங்கள் இரத்தத்தில் அழற்சியின் குறி இருக்கிறது" என்றார் மருத்துவர். சிற்றப்பனார் என் பக்கம் திரும்பி, "பார்த்தாயா கண்ணு? இரத்தத்தில் இருக்கிறது என்று இவரே சொல்லிவிட்டார். பாட்டன் கொடுத்ததைப் பீடியை விட்டால் போக்கமுடியுமா?" என்றார். அவர் முகத்தில் துயரமில்லை. வழக்கில் வென்றவனின் தெளிவே இருந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஒரு பீடியைப் பற்றவைத்தார். யான் விலங்கியல் மாணாக்கன். மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றித் தேர்வில் எழுதி நல்லெண்கள் பெற்றவன். ஆயினும் அவர்க்கு விடைசொல்ல என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடி மூன்று மாதம் கல்லூரி நூல்நிலையத்திற் கழித்தேன்.

இரத்தத்தில் காண்பது வேறு, இரத்தவழி வருவது வேறு என்பதே யான் முதலிற் கற்றது. ஸி-ரியாக்டிவ் புரதம் 1930-இல் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில், சளிச்சுரங் கண்ட நோயாளிகளின் குருதியிற் கண்டறியப்பட்டது. உடலில் எங்கேனும் அழற்சி எழுமாயின், இண்டர்லூகின்-6 முதலிய தூதுப் பொருள்கள் ஈரலை ஏவும். ஈரல் இப்புரதத்தை மிகுதியாக ஆக்கும். சளிச்சுரத்திலும் மிகும், பல்லீறு சீழ்கொண்டாலும் மிகும், உடற்கொழுப்பு மிகுந்தாலும், புகைபிடித்தாலும் மிகும். சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வில், இப்புரதத்திற்கும் உடற்கொழுப்பு, நீரிழிவு, இதயத்தமனி நோய் ஆகியவற்றிற்கும் தொடர்புண்டென்று 2005-இல் காட்டினர். கால்தமனி நோயும் அவ்வாறே: அமெரிக்க மருத்துவர் பலரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, இப்புரதம் மிகுந்திருந்தோர்க்குப் பிற்காலத்தில் கால்தமனி நோய் மிகுதியாக வந்ததென்று 1998-இல் அறிவித்தது. எடின்பரோ நகர ஆய்வு, இண்டர்லூகின்-6 மிகுந்தவர்க்குக் கணுக்கால் விகிதம் ஆண்டுதோறும் விரைந்து தாழ்வதை 2005-இல் காட்டியது.

அப்படியாயின் இப்புரதமே நோய்க்குக் காரணமா? மலையிற் புகை கண்டு நெருப்புண்டென்று துணிவது தருக்க நூலோர் முறை. புகையே நெருப்பென்று அவர் சொல்லவில்லை. இவ்வையத்தைத் தீர்க்க வந்ததே மரபணு வேறுபாடு பற்றிய ஆராய்ச்சி. சிலர்க்குப் பிறவியிலேயே அமைந்த ஓரெழுத்து வேறுபாட்டால் இப்புரதம் ஆயுள் முழுதும் சற்று மிகுந்திருக்கும். புரதம்தான் காரணமாயின், அவர்களிடையே நோயும் மிகவேண்டும். ஆனால் இதயத்தமனி நோயைக் குறித்து 2009-இலும் 2011-இலும் வெளிவந்த பேராய்வுகளில் அவ்வாறு மிகவில்லை. புகை மிகுந்தது, நெருப்பு மிகவில்லை. ஆகவே இப்புரதம் குறியேயன்றிக் காரணமன்று.

அழற்சியே பொய்யென்று இதனாற் கொள்ளலாகாது. இண்டர்லூகின்-6 வந்து பொருந்தும் ஏற்பியின் மரபணுவில் ஒரு வேறுபாடுடையோர்க்கு இதயநோய் சற்றுக் குறைவென்று 2012-இல் கண்டனர். மாரடைப்புற்ற 10,061 பேரிடம் நடந்து 2017-இல் வெளிவந்த சோதனையில், அழற்சியின் தூதுப்பொருளொன்றைத் தடுக்கும் மருந்து, கொழுப்பைக் குறையாமலேயே, மறுதாக்குதல்களைக் குறைத்தது. ஆயினும் கிருமித்தொற்றால் இறப்போர் தொகை மிகுந்தது. நெருப்பு உண்மை, அதனை மூட்டியவை பல, புகையை விசிறியால் ஓட்டுவதாற் பயனில்லை.

இனிக் குலவழியைப் பார்ப்போம். சிற்றப்பனார் கூற்றில் உண்மையே இல்லையென்று சொல்ல யான் பெரிதும் விரும்பினேன். அறிவியல் அதற்கு இடந்தரவில்லை. சுவீடன் தேசத்து இரட்டையரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை, மக்களிடையே இந்நோய் வருவதிலுள்ள வேறுபாட்டிற் பாதிக்கும் சற்று மேற்பட்ட பங்கு மரபுவழிப்பட்டதென்று கணித்தது. அமெரிக்கப் படைவீரராயிருந்தோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட பேராய்வு, இந்நோயுடையோர் 31,307 பேரையும் இல்லாதோர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரையும் ஒப்பிட்டு, நோயோடு தொடர்புடைய 19 இடங்களைக் குரோமோசோம்களிற் கண்டது. அவற்றுட் பதினொன்று இதயம், மூளை, கால் ஆகிய மூன்றன் தமனிகட்கும் பொது. சில கொழுப்பைப் பற்றியவை. ஒன்று குருதியுறைதலைப் பற்றியது. ஒவ்வொன்றின் வலிமையும் தனித்தனியே சிறிது. அதனை ஒருவர் பெற்றார் என்பதனால் அவர் கால் போமென்று எவரும் சொல்லமுடியாது.

இவ்வளவும் படித்து யான் சோர்ந்திருந்தபொழுதே, 2008-இல் வெளிவந்த ஒரு கட்டுரை கண்ணிற் பட்டது. ஐஸ்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு வேறுபாட்டைக் கண்டனர். அதனையுடையோர்க்கு நுரையீரற் புற்றும் மிகுதி, கால்தமனி நோயும் மிகுதி. ஆனால் அவ்வேறுபாடு இருப்பது கொழுப்பைப் பற்றிய மரபணுவிலன்று, தமனியைப் பற்றியதிலுமன்று. நிகோட்டின் வந்து பொருந்தும் நரம்பு ஏற்பியின் மரபணுக்களில் உள்ளது. அதனையுடையோர், புகைபிடிக்கத் தொடங்கினால், நாளொன்றுக்கு மற்றவரினும் மிகுதியாகப் பிடிக்கின்றனர். விடுவதற்கும் மிக வருந்துகின்றனர். மரபு அவர்கட்குக் கொடுத்தவற்றுள் ஒன்று நோயன்று, வேட்கை.

யான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் வாளாவிருந்தேன். எங்கள் குடும்பத்தின் பெண்டிர் நினைவுக்கு வந்தனர். பாட்டனாரின் மகள், என் அத்தையார், அதே இரத்தம். எண்பதை நெருங்கியும் விடியற்காலையிற் குளத்தைச் சுற்றி நடந்து கோயிலுக்குச் செல்பவர். பெண்கட்கு முறை வருவதில்லையென்று எங்கள் வீட்டிற் சொல்வர். பெண்கள் பீடி பிடிப்பதில்லையென்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு குடும்பத்தைக்கொண்டு முடிவுகட்டுதல் அறிவியலாகாதென்பதை அறிவேன். ஆயினும் கண்முன் இருந்த ஒன்றை மூன்று தலைமுறையாக எவரும் கேட்கவில்லை என்பது என்னைச் சுட்டது. கடைக்கு ஓடிய சிறுவனும் கேட்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது, திண்ணையில் அவர் அருகமர்ந்து, "சித்தப்பா, நீங்கள் சொன்னதிற் பாதி உண்மை" என்று தொடங்கினேன். அவர் நகைத்து, "ஆசிரியரை மறுத்த ஊர் அல்லவா இது? சொல், கேட்போம்" என்றார்.

யான் தறியையே உவமையாகக் கொண்டேன். "பாவு முன்னோர் கொடுத்தது என்று வையுங்கள். அதை மாற்றமுடியாது. ஊடை நாம் ஓட்டுவது. பாவு மட்டும் சேலையாகுமா?" என்றேன். சோதனைத் தாளிற் கண்ட புரதம் பாட்டனார் கொடுத்ததன்று, இன்று உடலில் எரியும் தீயின் புகை என்றேன். பின்னர் அந்தப் பதினைந்தாவது குரோமோசோமைப் பற்றிச் சொன்னேன். நம் குடும்பத்தில் அது உண்டோ இல்லையோ, சோதித்தறியவில்லை. ஆனால் நோயாக வருவதாக நாம் எண்ணுவது, விடமுடியாத பழக்கமாகவும் வரக்கூடும் என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. கையிலிருந்த பீடி தானே அணைந்தது. பின்னர், "அப்படியானால் எங்கப்பன் எனக்குக் கொடுத்தது கால்நோய் அல்ல, இந்தக் கட்டுதானா?" என்றார். சற்றுப்பொறுத்து, "நான் உன்னை அனுப்பி வாங்கினேனே" என்றார். என் வாழ்நாளில் அவர் குரல் அவ்வாறு தாழ்ந்து யான் கேட்டதில்லை. "வாங்கி வந்தவன் நானல்லவா" என்றேன். இருவரும் அதன்மேல் ஒன்றும் பேசவில்லை.

அன்றே விட்டுவிட்டார் என்று எழுதினாற் கதை அழகாகும்; உண்மையாகாது. இருமுறை விட்டு, இருமுறை தொடங்கினார். தறிவிட்டு எழும் ஒவ்வொரு வேளையிலும் கை மடியைத் தேடியது. மூன்றாம் முறை, மருத்துவர் கொடுத்த நிகோட்டின் மெல்லுபசையின் துணையோடு, ஓராண்டிற்குப்பின் முற்றும் நின்றது. இதற்கிடையே கொப்புளமெழுந்த பெருவிரல் அழுகியதால் அதனை எடுக்கவேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. குருதி உறையாமைக்கும் கொழுப்பைத் தாழ்த்தவும் நாடோறும் மாத்திரை உண்கின்றார்.

விரலெடுத்த புண் ஆறியபின், மருந்துகளோடு நடையும் விதிக்கப்பட்டது. வலிக்கும்வரை நடத்தல், நின்று வலி தணிந்தபின் மீண்டும் நடத்தல், இவ்வாறு அரைமணிக்குக் குறையாமல், வாரத்தில் மூன்று நாளேனும், மூன்று திங்களுக்குக் குறையாமற் செய்யவேண்டும். வலியைக் கண்டு கால் ஓய்ந்தால் நோய் வளரும். வலியோடு பழகிய தசையோ, கிடைக்கும் குருதியைக்கொண்டே முன்னினும் நெடுந்தூரம் செல்லக் கற்கும். சடாயு தீர்த்தத்தின் கரையே அவருக்கு நடைபாதையாயிற்று. முதல் நாள் ஒரு பக்கத்திலேயே இருமுறை நின்றார். அத்தையார் உடன் நடந்தார்; தம்பி நிற்கும்பொழுதெல்லாம் தாமும் நின்றார். நான்காம் திங்களில் ஒரு சுற்று நிற்காமல் முடிந்தது. இப்பொழுது மூன்று சுற்று நடக்கின்றார். கணுக்கால் விகிதம் பெரிதும் உயரவில்லை, நடை உயர்ந்தது. தறியில் மிதியும் நிற்கவில்லை.

இதனைப் படிக்கும் மாணாக்க நண்பர்காள், உங்கள் வீடுகளிலும் "இரத்தத்தில் உள்ளது" என்று சொல்லி மூடிவைத்த நோயொன்று இருத்தல் கூடும். அச்சொல்லை இகழவேண்டா, அதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆனால் அதனோடு அமையாமல், வந்தது எது, வழியாயிருந்தது எது, நாம் கூட்டியது எது என்று பிரித்துக் கேளுங்கள். வகுப்பிற் கற்ற கல்வி தேர்வுத்தாளோடு நில்லாமல் திண்ணைக்கு வந்து சேரட்டும். யான் அதனைச் சிறிது காலந்தாழ்த்திக் கொண்டுசென்றேன். ஒரு விரல் அளவுக்குக் காலந்தாழ்த்தேன்.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றபொழுது, சிற்றப்பனாரின் பேரன் காசோடு கடைக்கு ஓடுவதைக் கண்டு துணுக்குற்றேன். திரும்பி வந்தான், கையிற் கடலைமிட்டாய் மட்டுமே இருந்தது. பாதியை உடைத்துத் தாத்தாவுக்குக் கொடுத்தான். அவர் அதை வாயிலிட்டுக்கொண்டு, குளக்கரைக்குப் புறப்பட்டார்.